வானிலை ரேடாரில் துடிப்பை அமைப்பது எப்படி?

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் 2002-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடாரின் படத்தை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கைப்பேசியில் ஒருமுறையேனும் திறந்து பார்க்காதவர்கள் இன்று குறைவு. அந்தப் படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும் ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால், ரேடாரை இயக்குவோர் முன்கூட்டியே எடுத்து வைத்த சில முடிவுகள் இருக்கின்றன. ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், நொடிக்கு எத்தனை துடிப்புகளை வீச வேண்டும், ஆன்டெனா எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பவையே அவற்றுள் முக்கியமானவை. இவை ஒன்றையொன்று சாராத தனித்தனித் திருகுகள் அல்ல. ஒன்றில் கூடுதலாகப் பெறுவதை மற்றொன்றில் இழந்தே ஆக வேண்டும். எதை எங்கே இழக்கலாம் என்று தெரிந்து முடிவு செய்வதுதான் துடிப்பு அமைப்பு என்னும் வேலையின் சாரம்.

ரேடார் தொடர்ச்சியாக அலைகளைப் பரப்பும் கருவி அன்று. மிகக் குறுகிய நேரம் வலுவான மின்காந்த அலையை வீசிவிட்டு, உடனே நிறுத்தி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒரு வீச்சுதான் துடிப்பு. நிலையங்களில் பல்ஸ் என்றே சொல்வார்கள். பொதுவாக அது 1 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் நீடிக்கும். நொடிக்கு 600 துடிப்புகளை வீசும் ரேடார், ஒரு துடிப்பு தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை ஏறத்தாழ 1,667 மைக்ரோ நொடி இடைவெளி விடுகிறது. ஆக, துடிப்பு 1 மைக்ரோ நொடி என்றால், ஒரு முழு நொடியில் அது அலையை வீசும் நேரம் 600 மைக்ரோ நொடி மட்டுமே. எஞ்சிய நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆனால் அது மேகத்துக்குப் போய்த் திரும்பியும் வர வேண்டும் என்பதால், கடக்கும் ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் மேகத்தின் தொலைவு 150 மீட்டர் என்று கணக்கிடலாம். இந்த 150 மீட்டர் என்ற எண் நினைவில் இருந்தால் பின்வரும் கணக்குகளில் பலவற்றை மனத்திலேயே போட்டுவிடலாம்.

முதலில் துடிப்பின் நீளம். 1 மைக்ரோ நொடித் துடிப்பைக் கொண்டு, ஒரே திசையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு மழைத்திரள்களைப் பிரித்துக் காண வேண்டுமானால், அவற்றுக்கு இடையில் குறைந்தது 150 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். துடிப்பை 2 மைக்ரோ நொடியாக்கினால் அது 300 மீட்டராகிவிடும். நுணுக்கம் வேண்டுமானால் துடிப்பைக் குறுக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவு. அப்படியானால் நீண்ட துடிப்பு எதற்கு? உணர்திறனுக்காக. துடிப்பின் நீளத்தை இரட்டிப்பாக்கும்போது ஒரே நேரத்தில் அலைபடும் துளிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. திரும்பி வரும் திறனும் இரட்டிப்பாகிறது, அதாவது டெசிபெல் என்னும் மடங்கு அளவில் 3 டெசிபெல் கூடுகிறது. அத்துடன், நீண்ட துடிப்புக்கு ஏற்ப, எவ்வளவு அலைவெண் அகலத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ரிசீவரின் வடிகட்டியைப் பாதி அகலத்துக்குக் குறுக்கலாம் என்பதால் இரைச்சலும் 3 டெசிபெல் குறைகிறது. இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல் ஆதாயம். வடிகட்டியை மாற்ற மறந்தால் இதில் பாதி கைவிட்டுப் போகும். ஆகவே துடிப்பு நீளத்தையும் வடிகட்டியின் அகலத்தையும் எப்போதும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 160 ரேடார்களைக் கொண்ட நெக்ஸ்ராட் வலையமைப்பில் இந்த இரு வகைகளையும் காணலாம். மழைக்காலப் பணிக்கு ஏறத்தாழ 1.57 மைக்ரோ நொடித் துடிப்பையும், மெல்லிய பனிப்பொழிவு, தெளிந்த வானில் மிதக்கும் பூச்சிகள் முதலிய மிக வலுவற்ற எதிரொலிகளைப் பிடிப்பதற்கு ஏறத்தாழ 4.7 மைக்ரோ நொடித் துடிப்பையும் அங்கே பயன்படுத்துகிறார்கள். துடிப்பு வெளியேறும் நேரத்தில் ரிசீவர் மூடியே இருக்கும் என்பதால், நீண்ட துடிப்பில் ரேடாரை ஒட்டிய பகுதி சற்றுக் கூடுதலாகக் கண்ணுக்குத் தப்பும். வழக்கமான வானிலைப் பணியில் இது பெரிய இழப்பு அன்று.

துடிப்பு நீளத்தைவிட, நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கேள்விக்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். நிலையங்களில் பி.ஆர்.எஃப். என்று வழங்கும் இந்தத் துடிப்பு வீதம், எவ்வளவு தொலைவு வரை காணலாம், எவ்வளவு வேகமான காற்றை அளக்கலாம் என்ற இரண்டையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது. அதுவும் எதிரெதிர்த் திசைகளில்.

தொலைவை முதலில் எடுத்துக்கொள்வோம். அடுத்த துடிப்பு புறப்படுவதற்கு முன் முந்தைய துடிப்பின் எதிரொலி வந்து சேர்ந்துவிட வேண்டும். நொடிக்கு 600 துடிப்பு என்றால் இடைவெளி 1,667 மைக்ரோ நொடி. அதை 150 மீட்டரால் பெருக்கினால் 250 கிலோமீட்டர். வீதம் 300 ஆனால் 500 கிலோமீட்டர், 1,000 ஆனால் 150 கிலோமீட்டர். இந்த எல்லைக்கு அப்பால் உள்ள மேகம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றுதான் தொடக்கத்தில் பலரும் எண்ணுவார்கள். உண்மையில் நிகழ்வது அதைவிடத் தொல்லையானது: அந்த மேகம் தவறான இடத்தில் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சென்னையில் நொடிக்கு 600 துடிப்பு வீசும் ஒரு ரேடார் மேற்கு நோக்கி நிற்கிறது என்றும், ஏப்ரல் மாத மாலையில் பெங்களூரு மேல் 14 கிலோமீட்டர் உயரமான இடிமேகம் எழுந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் அந்தத் தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ரேடார் வீசும் குறுகிய அலைக்கற்றை அரை டிகிரிச் சாய்வில் சென்றால், அதன் மையம் அங்கே ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே கற்றை அந்த மேகத்தின் நடுப்பகுதியில் மோதித் திரும்புகிறது. ஆனால் அந்த எதிரொலி வந்து சேர்வதற்குள் ரேடார் அடுத்த துடிப்பை அனுப்பிவிட்டது. வந்த எதிரொலி எந்தத் துடிப்புக்கு உரியது என்று ரேடாருக்குத் தெரியாது. கடைசியாக அனுப்பியதற்கு உரியது என்றே கொள்ளும். விளைவாக, 290-இல் 250-ஐக் கழித்து, மேகத்தை 40 கிலோமீட்டர் தொலைவில், அதாவது ஸ்ரீபெரும்புதூருக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட பகுதியில் வரைந்துவிடுகிறது. அங்கே வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருக்கலாம்.

இந்தப் போலி எதிரொலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பெங்களூருவில் 10 கிலோமீட்டர் அகலமாக இருந்த மேகம் ரேடாரின் பார்வையில் 2 டிகிரிக் கோணத்தை மட்டுமே அடைக்கிறது; அதே 2 டிகிரி 40 கிலோமீட்டர் தொலைவில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான அகலமாகிவிடும். நீளவாக்கில் அளவு மாறாததால், மேகம் ரேடாரை நோக்கி நீண்ட மெல்லிய கீற்றாகத் தெரியும். தொலைவுக்கு ஏற்ப வலிமையைத் திருத்தும் கணக்கும் 40 கிலோமீட்டருக்கு உரியதாகவே போடப்படுவதால், எதிரொலியின் வலிமை 17 டெசிபெல் குறைவாகக் காட்டப்படும். எதிரொலி வலிமையின் அலகான டி.பி.இசட்.-இல் சொன்னால், 50 டி.பி.இசட். வலிமையுள்ள மேகம் 33 டி.பி.இசட். ஆகத் தோன்றும், அந்த வலிமையை மழையளவாக மாற்றும் வழக்கமான மார்ஷல்–பால்மர் சூத்திரத்தில் போட்டால் மணிக்கு 4 மில்லிமீட்டர் மழை என்று கணினி எழுதிவிடும். மழையே இல்லாத இடத்தில் 4 மில்லிமீட்டர் என்பது, அணைகளின் நீர்வரத்தைக் கணிப்பவர்களுக்குச் சிறிய பிழை அன்று.

ஐயம் தோன்றினால் துடிப்பு வீதத்தைச் சற்று மாற்றிப் பார்ப்பது மிக எளிய சோதனை. உண்மையான எதிரொலி இருந்த இடத்திலேயே இருக்கும். போலி எதிரொலி நகர்ந்துவிடும். வீதத்தை 600-இலிருந்து 550-க்குக் குறைத்தால் எல்லை 273 கிலோமீட்டர் ஆவதால், 40 கிலோமீட்டரில் தெரிந்தது 17 கிலோமீட்டருக்கு வந்துவிடும். 500 ஆக்கினால் எல்லை 300 கிலோமீட்டர் ஆகி, மேகம் தன் உண்மையான இடமான 290-க்கே போய்ச் சேரும்.

அப்படியென்றால் வீதத்தை எப்போதும் குறைவாகவே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். காற்றின் வேகத்தை அளக்க வேண்டியிராவிட்டால் அப்படியே செய்யலாம். டாப்ளர் ரேடார், அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையில் துளிகள் எவ்வளவு நகர்ந்தன என்பதை, திரும்பும் அலையின் கட்ட மாற்றத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றின் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதில் உள்ள வேறுபாட்டை, கொண்டு அறிகிறது. அந்த நகர்வு அலைநீளத்தில் கால் பங்குக்குள் இருந்தால்தான் துளிகள் நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்று ஐயமின்றிச் சொல்ல முடியும். எஸ் பேண்ட் ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு இரண்டரை சென்டிமீட்டர். நொடிக்கு 600 துடிப்பு என்றால், இரண்டரை சென்டிமீட்டரை 600-ஆல் பெருக்கி, நொடிக்கு 15 மீட்டர் வரையிலான வேகத்தையே நம்பகமாக அளக்கலாம். இதுவே நைக்விஸ்ட் வேகம். மணிக்கு 54 கிலோமீட்டர்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது வீசியதைப் போன்ற காற்றை இந்த அமைப்பில் அளப்பதாக எண்ணிப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ரேடாரை விட்டு விலகும் துளிகள், இரு துடிப்புகளுக்கு இடையில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் 5 சென்டிமீட்டர் நகர்வு என்பது, போக 5, வர 5 என்று மொத்தம் ஓர் அலைநீளம் ஆவதால், திரும்பும் அலைக்கு ஒரு முழுச் சுற்று. முழுச் சுற்று முடிந்ததும் அலை தொடங்கிய நிலையிலேயே இருப்பதால் ரேடார் அதைக் கணக்கில் கொள்ளாது. அதற்குத் தெரிவது எஞ்சிய அரை சென்டிமீட்டர் நகர்வு மட்டுமே. ஆகவே மரங்களைச் சாய்க்கும் அந்தக் காற்றை, நொடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள தென்றல் என்று அது பதிவு செய்யும். நொடிக்கு 20 மீட்டரில் விலகும் காற்றோ, நொடிக்கு 10 மீட்டரில் நெருங்கி வருவதாகத் திசையே புரண்டு தெரியும்.

வேகத்துக்காக வீதத்தைக் கூட்டினால் தொலைவு சுருங்குகிறது. தொலைவுக்காகக் குறைத்தால் வேகம் சுருங்குகிறது. 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில், கிலோமீட்டரில் சொன்ன தொலைவையும் நொடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தையும் பெருக்கினால் எப்போதும் 3,750 தான் வரும்: 250-க்கு 15, 150-க்கு 25, 500-க்கு ஏழரை. இது கருவியின் குறை அன்று. எந்த நிறுவனம் தயாரித்தாலும் இயற்பியல் இதற்கு மேல் இடம் தராது. டாப்ளர் இக்கட்டு என்று வானிலையாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அலைநீளம் குறையக் குறைய இக்கட்டு இறுகும். 5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள சி பேண்ட் ரேடாரில் அந்தப் பெருக்கற்பலன் 1,875. பள்ளிக்கரணையில் உள்ளது போன்ற, 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸ் பேண்ட் ரேடாரில் 1,125 மட்டுமே. எஸ் பேண்டுக்குச் சரியாக இருந்த வீதத்தை எக்ஸ் பேண்டுக்கு அப்படியே எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இக்கட்டை ஒழிக்க முடியாவிட்டாலும் சுற்றிச் செல்ல வழிகள் உண்டு. நெக்ஸ்ராட் ரேடார்கள் மிகத் தாழ்ந்த சாய்வுக் கோணங்களில் வானத்தை இருமுறை சுற்றிப் பார்க்கின்றன. முதல் சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 320 துடிப்பு. அதில் மழை எங்கே இருக்கிறது என்பது மட்டும் சரியாகத் தெரியும். இரண்டாம் சுற்றில் நொடிக்கு ஆயிரத்தை ஒட்டிய துடிப்பு. அதில் காற்றின் வேகம் கிடைக்கும். முதல் சுற்றின் படத்தை ஒப்பிட்டு, இரண்டாம் சுற்றில் இடம் மாறி விழுந்த எதிரொலிகளை உரிய தொலைவில் வைக்கிறார்கள். பிரித்தறிய முடியாத இடங்களுக்கு ஊதா நிறம் பூசிவிடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று படத்திலேயே காட்டிவிடும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இன்னொரு வழி, இரண்டு வீதங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. நொடிக்கு 600, 450 என்ற இணையை எடுத்துக்கொள்வோம். இது 4-க்கு 3 என்ற விகிதம். தனித்தனியே இவற்றின் வேக எல்லை 15, 11.25 மீட்டர். ஒரே காற்றை இரண்டும் வெவ்வேறு விதமாகப் புரட்டிக் காட்டும் என்பதால், இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்து உண்மையான வேகத்தை மீட்கலாம். எல்லை நொடிக்கு 45 மீட்டராக, அதாவது மணிக்கு 162 கிலோமீட்டராக உயர்கிறது. தொலைவு எல்லையோ அதிக வீதத்துக்கு உரிய 250 கிலோமீட்டரிலேயே நிற்கும். 600, 400 என்ற 3-க்கு 2 இணை 30 மீட்டரும், 600, 480 என்ற 5-க்கு 4 இணை 60 மீட்டரும் தரும். எல்லை பெரிதாக இருப்பதே நல்லது என்று கடைசி இணையைத் தேர்ந்தெடுத்துவிடத் தோன்றும். ஆனால் இரு வீதங்களும் நெருங்க நெருங்க, அளவீட்டில் உள்ள சிறு தடுமாற்றம்கூடக் கணக்கைத் தவறான மடிப்புக்கு, அதாவது முழுச் சுற்றுகளின் தவறான எண்ணிக்கைக்கு, தள்ளிவிடும். வேகப் படத்தில் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத தனிப் புள்ளிகள் அங்கங்கே சிதறித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். புயல் எதிர்பார்க்கப்படும் கடற்கரை நிலையத்துக்கு 4-க்கு 3 என்ற விகிதமே பொருத்தமான இடைநிலை என்பது என் கருத்து.

மூன்றாவது வழி வடிவியலிலேயே இருக்கிறது; தொடக்கநிலையில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆன்டெனாவை 10 டிகிரி உயர்த்தினால், கற்றை 100 கிலோமீட்டர் தொலைவிலேயே 18 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் பொதுவாக மழைமேகம் இல்லை. திரும்பி வர எதிரொலியும் இல்லை. எனவே உயர்ந்த கோணங்களில், டிரான்ஸ்மிட்டர் தாங்கும் வரை வீதத்தைத் துணிந்து கூட்டலாம். எல்லாக் கோணங்களுக்கும் ஒரே வீதத்தை வைப்பது, கையில் இருக்கும் வசதியை வீணாக்குவதாகும்.

டிரான்ஸ்மிட்டர் தாங்கும் வரை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. துடிப்பு நீளத்தையும் வீதத்தையும் பெருக்கினால், டிரான்ஸ்மிட்டர் உழைக்கும் நேரத்தின் பங்கு கிடைக்கும். அலையை உருவாக்கும் கிளைஸ்ட்ரான், மேக்னட்ரான் குழாய்களைக் கொண்ட பல ரேடார்களில் இது 0.1 சதவீதத்தை ஒட்டியே அனுமதிக்கப்படுகிறது. அந்த வரம்பில் 1 மைக்ரோ நொடித் துடிப்பை நொடிக்கு 1,000 முறை வீசலாம். 2 மைக்ரோ நொடி என்றால் 500 முறைதான். உச்சத் திறன் 750 கிலோவாட் உள்ள ரேடார், 1 மைக்ரோ நொடி, 600 துடிப்பு என்ற அமைப்பில் சராசரியாக 450 வாட் மட்டுமே வெளியிடுகிறது. வரம்பைக் கட்டுப்பாட்டு மென்பொருள் பொதுவாகத் தானே காக்கும். இருந்தாலும் தயாரிப்பாளர் தந்த அட்டவணையைப் பார்த்த பிறகே எண்களை மாற்ற வேண்டும், ஏனெனில் அந்தக் குழாய்கள் விலை மிகுந்தவை, மாற்றுக் குழாய் வந்து சேரும் வரை ரேடார் இயங்காது.

அடுத்தது ஆன்டெனாவின் சுழற்சி. நிமிடத்துக்கு 3 சுற்று என்றால் ஒரு டிகிரியைக் கடக்க ஏறத்தாழ 56 மில்லி நொடி. 600 வீதத்தில் அதற்குள் 33 துடிப்புகள் போகும். ஒரே ஒரு துடிப்பின் எதிரொலி, துளிகள் தற்செயலாக நிற்கும் ஒழுங்கைப் பொறுத்து ஐந்தாறு டெசிபெல் வரை எளிதாக ஏறி இறங்கும் என்பதால், பலவற்றின் சராசரி தேவைப்படுகிறது. வீதத்தை இரட்டிப்பாக்கினால் சராசரி இருமடங்கு மேம்படும் என்று நினைத்துவிட வேண்டாம். துளிகள் தம் ஒழுங்கை மாற்றிக்கொள்ளச் சில மில்லி நொடிகள் ஆகும். அதற்குள் எத்தனை துடிப்பு அனுப்பினாலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வரும். மழையளவு துல்லியமாக வேண்டுமானால் ஆன்டெனாவை மெதுவாகச் சுழற்ற வேண்டும், அல்லது குறுந்துடிப்பைப் பயன்படுத்தி அடுத்தடுத்த தொலைவுத் துண்டுகளைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் எல்லாக் கோணங்களிலும் வானத்தை ஒருமுறை பார்த்து முடிக்க ஆகும் நேரம் கூடும். வேகமாக வளரும் இடிமேகத்தைப் பொறுத்தவரை அதுவும் ஓர் இழப்பே.

இவற்றை ஒன்றாக வைத்து, கடற்கரையில் உள்ள ஓர் எஸ் பேண்ட் ரேடாரைப் புயல் காலத்துக்கு அமைப்பதாகக் கொண்டால், நான் தொலைவிலிருந்துதான் தொடங்குவேன். மிகத் தாழ்ந்த கோணத்தில் 2 மைக்ரோ நொடி, நொடிக்கு 300 துடிப்பு என்று ஒரு சுற்று. அதில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், வங்கக் கடலில் 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் உயர்ந்த மேக உச்சிகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்க்கலாம். அவ்வளவு தொலைவில் கற்றை 10 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுவதால், அங்கே தெரிவதைக் கொண்டு கடல்மட்டத்தில் பெய்யும் மழையை அளக்கக் கூடாது. அதன் பின் 1 மைக்ரோ நொடித் துடிப்பில், 600, 450 இணையுடன் தாழ்ந்த, நடுத்தரக் கோணங்கள். 10 டிகிரிக்கு மேல் 1,000 துடிப்பு. புயல் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் முதல் சுற்றை நிறுத்திவிட்டு, மிச்சமாகும் நேரத்தைத் தாழ்ந்த கோணங்களுக்குத் தரலாம்.

துடிப்பு நீளத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் அளவைத் திருத்தத்தையும் மாற்ற வேண்டும். எதிரொலியின் திறனை மழையின் வலிமையாக மாற்றும் ரேடார் மாறிலிக்குள் துடிப்பு நீளமும் அடங்கியிருப்பதால், ஒவ்வொரு நீளத்துக்கும் தனி மாறிலி உண்டு. 1 மைக்ரோ நொடிக்கான மாறிலியை வைத்துக்கொண்டு 2 மைக்ரோ நொடித் துடிப்பை அனுப்பினால், எல்லா எதிரொலிகளும் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். மணிக்கு 10 மில்லிமீட்டர் மழை 15 மில்லிமீட்டருக்கும் சற்று மேலாகக் காட்டப்படும். படம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும் என்பதால் இந்தப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிடலாம். மாற்றம் செய்த அன்றே, மழையில்லாத வேளையில், புதிய வடிகட்டியில் இரைச்சல் அளவை மீண்டும் அளந்து, சமிக்ஞை உற்பத்திக் கருவியிலிருந்து அளவு தெரிந்த ஒரு சமிக்ஞையை ரிசீவருக்குள் செலுத்திப் பார்த்து, கிடைத்த எண்களைத் தேதியோடும் துடிப்பு நீளத்தோடும் நிலையப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அடுத்த பெருமழையின்போது அருகிலுள்ள மழைமானிகளின் அளவோடு ரேடார் கணக்கை ஒப்பிடும் போது, அந்தப் பதிவேடு கையில் இருக்க வேண்டும்.